இடித்துரைக்கும் கடமையும் மக்களாட்சியின் சரிவும்: திருக்குறள் அரசியல் நோக்கில் 1975–77 நெருக்கடிநிலை

ஆய்வுச் சுருக்கம்

மக்களாட்சி எதேச்சாதிகாரமாக மாறுவதற்குப் படைப்புரட்சி தேவையில்லை. சட்டத்தின் வடிவம் குலையாமலேயே அம்மாற்றம் நிகழக்கூடும். இந்தியாவின் 1975–77 நெருக்கடிநிலையை முதன்மைச் சான்றாகக் கொண்டு அம்மாற்றம் நிகழும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆட்சியாளரை இடித்துரைக்கும் கடமை குறித்துத் திருக்குறள் பொருட்பால் முன்வைக்கும் சிந்தனை இதற்கு அளவுகோலாகிறது. அச்சிந்தனையின் வலிமையும் எல்லையும் சுட்டப்பெறுகின்றன. மறுத்துரைக்கும் பொறுப்பில் இருப்போரின் பதவி ஆட்சியாளரின் விருப்பத்தைச் சார்ந்திருக்கும்வரை எந்த மக்களாட்சியும் சரிவுக்கு அப்பாற்பட்டதன்று என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மக்களாட்சி, எதேச்சாதிகாரம், நெருக்கடிநிலை, திருக்குறள், கொடுங்கோன்மை, அமைச்சு, நீதித்துறை.

முன்னுரை

மக்களாட்சியின் வீழ்ச்சி என்றதும் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்து நிற்கும் படைவண்டிகளே பலர் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டில் அவ்வாறு வீழ்ந்த ஆட்சிகள் பல உண்டு. எனினும், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே அரசியலமைப்பு வழங்கிய அதிகாரங்களைக் கொண்டு தன்னைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்வது வேறொரு வகை. செருமனியில் 1933 மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தை 444 வாக்குகளுக்கு 94 என்ற கணக்கில் இட்லரின் அமைச்சரவைக்கு வழங்கியது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் அவைக்கு வரவியலாதபடி தடுக்கப்பட்டிருந்தனர். சமூக சனநாயகக் கட்சியினர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். அச்சுறுத்தல் சூழ்ந்திருந்தபோதும் நடைமுறையின் புறவடிவம் பேணப்பட்டது.

இவ்வகைச் சரிவைத் தமிழ்ச் சூழலில் விளக்க முற்படுவோர் பெரும்பாலும் 'கொடுங்கோன்மை' என்னும் சொல்லையே கையாளுகின்றனர். வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே பெயராக வைத்த சொல் அது. முடியாட்சிக் காலத்துக் கருத்தாக்கம் ஒன்று தேர்தல்வழி வந்த ஆட்சியின் சரிவை விளக்கப் போதுமானதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

பொருட்பாலில் இடித்துரைத்தல்

கொடுங்கோன்மை அதிகாரம் (56) அல்லல் செய்யும் மன்னனைக் கொலைத்தொழிலோரினும் கொடியவனாகக் காண்கிறது. நாள்தோறும் முறை செய்யாதவன் நாட்டை நாள்தோறும் இழப்பான் என எச்சரிக்கிறது. ஆனால் அத்தகைய மன்னனைத் தடுப்பது யார் என்பதற்கு அவ்வதிகாரத்தில் அமைப்புசார்ந்த விடை இல்லை. துன்புற்றோரின் கண்ணீரே அவன் செல்வத்தைத் தேய்க்கும் படை என்பதே அது காட்டும் தீர்வு (555). அறத்தின் ஆற்றலில் கொண்ட நம்பிக்கையை அது காட்டுகிறது. நிறுவனம் எதனையும் காட்டவில்லை.

நிறுவனத்தின் வித்து பொருட்பாலின் பிற அதிகாரங்களில் உள்ளது. செவிக்குக் கசப்பான சொல்லைப் பொறுக்கும் பண்புடைய மன்னனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்பது இறைமாட்சி அதிகாரத்தின் கருத்து (389). இடித்துரைப்போர் இல்லாத மன்னன், கெடுக்கும் பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தின் கருத்து (448). இவ்விரு குறள்களும் மன்னனை நோக்கியவை; கேட்கும் பொறுப்பை அவன்மேல் வைப்பவை.

அமைச்சு அதிகாரத்தின் குறள் ஒன்று (638) இவற்றிலிருந்து வேறுபடுகிறது. சொல்வோரின் அறிவை அழித்துத் தானும் அறியாதவனாக மன்னன் இருப்பினும், உறுதி பயப்பதை எடுத்துரைத்தல் அருகிருக்கும் அமைச்சனின் கடமை என்கிறது அது. கேட்பவன் கேளாவிடினும் சொல்பவனின் கடமை நீங்குவதில்லை. பொறுப்பு இங்கு மன்னனிடமிருந்து அலுவலில் இருப்பவனுக்கு இடம் பெயர்கிறது. இக்காலத்து நீதிபதி, அமைச்சர், அதிகாரி, இதழாசிரியர் ஆகியோரின் கடமைக்கு இக்குறளே நெருங்கிய மூலமாகும்.

ஆயின் அதே பொருட்பாலில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரமும் (70) உண்டு. தீயருகே குளிர்காய்வோர் போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் மன்னனிடம் ஒழுகவேண்டும் என்பது அதன் முதற்குறள் (691). சொல்ல வேண்டிய அமைச்சனே மன்னனின் சினத்தால் எரிந்துபோகக்கூடியவன் என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார். ஒரே நூலில் அமைந்த இவ்விரு குரல்களையும் முரண்பாடு எனத் தள்ளிவிட இயலாது. கடமை அமைச்சனுடையது, அவன் பதவியோ மன்னனுடையது என்னும் சிக்கலை அவை சேர்ந்து காட்டுகின்றன. மக்களாட்சியின் சரிவை ஆராய இச்சிக்கலே பொருத்தமான வாயில்.

சட்டத்தின் வழியே வந்த நெருக்கடிநிலை

1975 சூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, பிரதமர் இந்திரா காந்தியின் ரேபரேலித் தேர்தல் வெற்றி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். சூன் 24 அன்று உச்சநீதிமன்ற விடுமுறைக்கால நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையுடன் கூடிய இடைக்காலத் தடையை வழங்கினார். பிரதமர் பதவியில் தொடரலாம், அவையில் வாக்களிக்க இயலாது என்பது அதன் சாரம். மறுநாள் இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது, அரசியலமைப்பின் 352ஆம் உறுப்பின்கீழ் 'உள்நாட்டுக் குழப்பம்' என்னும் காரணத்தின்பேரில் நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார்.

இந்நிகழ்ச்சிகளின் வரிசை கருதத்தக்கது. பிரகடனம் வெளியான பின்னரே, சூன் 26 காலையில் அமைச்சரவை கூட்டப்பட்டு அதற்கு ஒப்புதல் பெறப்பட்டது. அமைச்சர்களிடம் அறிவுரை கேட்கப்படவில்லை. முடிந்த செயல் அறிவிக்கப்பட்டது. அன்று எந்த அமைச்சரும் அதனை எதிர்த்துப் பதவி விலகவில்லை. மக்களவையில் நெருக்கடிநிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை முன்மொழிந்த ஜெகஜீவன்ராம், 1977 பிப்ரவரியில், தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னரே அமைச்சரவையை விட்டு வெளியேறினார். அமைச்சு அதிகாரம் கூறும் கடமையைவிடச் சேர்ந்தொழுகல் அதிகாரம் கூறும் எச்சரிக்கையே மேலோங்கிய தருணம் அது.

அடுத்து வந்தவையும் சட்டங்களே. 38ஆம் திருத்தம் நெருக்கடிநிலைப் பிரகடனத்தை நீதிமன்ற ஆய்விலிருந்து விலக்கியது. 39ஆம் திருத்தம் பிரதமரின் தேர்தல் குறித்த வழக்கை நீதிமன்றங்களின் வரம்புக்கு வெளியே வைக்க முயன்றது. அதன் அப்பகுதியை 1975 நவம்பரில் உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்ததும் பதிவுக்குரியது. 42ஆம் திருத்தம் மக்களவையின் காலத்தை ஐந்திலிருந்து ஆறு ஆண்டுகளாக நீட்டியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காவலில் வைக்கப்பட்டனர். இவற்றை எழுத்தளவில் சட்டவிரோதம் எனக் கூறுவது கடினம். அதிகாரம் தரும் உறுப்பு அரசியலமைப்பிலேயே இருந்தது. அதனைப் பயன்படுத்தும்போது 'கூடாது' எனச் சொல்லவேண்டியோரே இல்லாது போயினர்.

ஒரு நீதிபதியின் மறுப்பும் அதன் விலையும்

நீதித்துறையின் நிலை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. காவலில் வைக்கப்பட்டோர் தொடுத்த ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கூறியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் அம்முடிவுகளை மாற்றியது. நெருக்கடிநிலையில் உயிருக்கும் உரிமைக்குமான பாதுகாப்பை நாடி நீதிமன்றம் செல்ல இயலாது என்பதே அதன் விளைவு. விசாரணையின்போது, காவல் அதிகாரி ஒருவர் பகைமையால் ஒருவரைக் கொன்றாலும் இதே நிலைதானா என்னும் பொருள்பட நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார், நெருக்கடிநிலை நீடிக்கும்வரை தீர்வில்லை என்பதே அரசுத் தலைமை வழக்கறிஞரின் விடையாக அமைந்தது. கன்னா மட்டுமே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

1977 சனவரியில் தலைமை நீதிபதிப் பதவி காலியானபோது பணிமூப்பின்படி கன்னாவுக்கே அது உரியதாக இருந்தது. அவரைத் தவிர்த்து எம். எச். பெக் நியமிக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார். இதற்கு முன்னோடியும் உண்டு. 1973 ஏப்ரலில், கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பை அடுத்து, ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் கடந்து ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அம்மூவரும் அவ்வழக்கில் அரசின் நிலைப்பாட்டிற்கு எதிராகத் தீர்ப்பளித்தவர்கள். நெருக்கடிநிலைக் காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் பதினாறு பேர் இடமாற்றம் செய்யப்பட்டனர்.

1975 சூனில் தொடங்கியதாகக் கருதப்படும் சரிவின் ஒரு கண்ணி 1973இலேயே கழன்றிருந்தது என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது. மறுத்துரைத்தவருக்குப் பதவி இல்லை என்னும் செய்தி நெருக்கடிநிலைக்கு இரண்டாண்டுகள் முன்பே நீதித்துறைக்குத் தரப்பட்டுவிட்டது. பெரும்பான்மை நீதிபதிகளின் உள்ளத்தில் அச்சம் இருந்ததா என்பதை எவரும் மெய்ப்பிக்க இயலாது. மறுப்புக்கு விலை உண்டு என்பதை மட்டும் அனைவரும் அறிந்திருந்தனர். அமைச்சு அதிகாரத்தின் கடமையை நிறைவேற்றியவர் கன்னா; அக்கடமையை நிறைவேற்றுவோருக்குப் பதவிப் பாதுகாப்பு இல்லை என்பதன் சான்றும் அவரே.

இதழ்களும் மாநில அரசும்

இதழ்களின் மீது முன்தணிக்கை விதிக்கப்பட்டது. பிரகடனம் வெளியான இரவில் தில்லியின் நாளிதழ் அலுவலகங்கள் பலவற்றுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சில இதழ்கள் தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டு எதிர்ப்பைப் புலப்படுத்தின.

கூட்டாட்சி அமைப்பில் மாற்றுக்கட்சி ஆளும் மாநில அரசும் இடித்துரைக்கும் இடத்தில் நிற்பதே. தமிழ்நாட்டின் தி.மு.க. அரசு நெருக்கடிநிலையை எதிர்த்தது. 1976 சனவரி 31 அன்று 356ஆம் உறுப்பின்கீழ் அவ்வரசு கலைக்கப்பட்டது. அதன் தலைவர்களும் தொண்டர்களும் பெருமளவில் சிறைப்பட்டனர். கைது செய்யப்பட்டோரின் பெயர்களை வெளியிடத் தணிக்கை தடையாயிருந்த நிலையில், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்று மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் எனப் 'முரசொலி' அப்பெயர்களை அச்சிட்டது. சொல்லுக்குத் தடை வந்தபோது பட்டியலே இடித்துரையாயிற்று. குஜராத்தில் ஆட்சியிலிருந்த சனதா முன்னணி அரசும் 1976 மார்ச்சில் வீழ்ந்தது.

சென்னை மத்திய சிறையில் நெருக்கடிநிலைக் கைதிகள் தாக்கப்பட்டது குறித்துப் பின்னர் நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. கம்பராமாயண ஆய்வாளராகவும் அறியப்பட்டவர் அவர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அச்சிறையில் பட்ட காயங்களை அடுத்து இறந்தார். ஆட்கொணர்வு மனுவின் கதவு மூடப்பட்டபோது அடைபட்டது சட்டவியல் நுணுக்கம் ஒன்று மட்டுமன்று. அதன் விளைவு மனித உடல்களின்மேல் விழுந்தது. 1976–77இல் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் வற்புறுத்தலின் பங்கு பரவலாகப் பதிவாகியுள்ளது. இலக்கை எட்டும் நெருக்கடியில் இருந்த அதிகாரிகளிடையே 'இது தவறு' என மேலிடத்திற்கு எழுதும் வழி அடைபட்டிருந்தது.

வாக்காளரே இறுதிக் காவலரா?

நெருக்கடிநிலையை 1977 மார்ச்சுத் தேர்தலில் மக்களே முறியடித்தனர். எனவே வேரூன்றிய மக்களாட்சி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது பரவலான விளக்கம். இதில் உண்மை உண்டு. ஆளுங்கட்சி தோற்றது, பிரதமர் தம் தொகுதியிலேயே தோற்றார், மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. எனினும் இவ்விளக்கம் மூன்று தடைகளைச் சந்திக்கிறது.

முதலாவது, அத்தேர்தல் நடந்தது ஆட்சியாளர் நடத்த முடிவு செய்ததால்தான். அவையின் காலம் நீட்டப்பட்டிருந்தது. மீண்டும் நீட்டச் சட்டம் இடமளித்தது. தணிக்கையால் மக்களின் மனநிலையை ஆட்சியாளரே அறிய இயலாது போய், வெற்றி உறுதி என நம்பித் தேர்தலை அறிவித்தார் எனக் கருதுவோர் உளர். அது உண்மையாயின், இடித்துரைப்போரை இழந்தவன் பகைவரின்றியும் கெடுவான் என்னும் குறட்கருத்துக்கு அதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஆனால் ஆட்சியாளரின் தவறான கணிப்பை மக்களாட்சியின் பாதுகாப்பு அரணாகக் கொள்ள இயலாது.

இரண்டாவது, தீர்ப்பு நாடெங்கும் ஒன்றாக இல்லை. வடக்கே தோற்ற காங்கிரசு ஆந்திரத்தில் 42 இடங்களில் 41ஐ வென்றது. மாநில அரசே கலைக்கப்பட்ட தமிழ்நாட்டில், அ.இ.அ.தி.மு.க.–காங்கிரசு அணி 39 இடங்களில் 34ஐப் பெற்றது. வாக்காளர் பிழை செய்தனர் என்பது இதன் பொருளன்று. வாக்குச் சீட்டு ஒரே வேளையில் கட்சி, தலைவர், கூட்டணி, மாநில அரசின் மீதான குறை எனப் பல வினாக்களுக்கு விடை தருவது. சிறையில் அடிபட்ட ஒருவரின் உரிமைக்கு அது தனியே விடை தரும் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

மூன்றாவது, வாக்கைக் கொண்டே தேர்தலைத் தவிர்க்கவும் இயலும். இலங்கையில் 1977 சூலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் காலத்தை மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டுவதற்கு 1982 டிசம்பர் 22 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஏறக்குறைய 54.7 விழுக்காட்டினர் இசைந்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் மிகப்பெரும்பான்மையோர் எதிர்த்தனர். 1983 சூலை வன்செயல்களுக்குப் பின்னர் ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாம் திருத்தம், தனிநாட்டுக் கோரிக்கைக்கு எதிரான உறுதிமொழியைக் கட்டாயமாக்கியது. அதனை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் இருக்கைகளை இழந்தனர். எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கமும் அவர்களுள் ஒருவர். தமிழரின் குறையை அவையில் எடுத்துரைத்த முதன்மைக் குரல் சட்டப்படியே அவையை விட்டு நீங்கியது. அதன்பின் அக்குறை எந்த வழிகளை நாடியது என்பது வரலாறு.

மரபுகள் போதுமா?

மக்களாட்சிகளின் இறப்பைக் குறித்து 2018இல் நூல் எழுதிய ஸ்டீவன் லெவிட்ஸ்கியும் டேனியல் சிப்லாட்டும், எழுதப்படாத இரு மரபுகளை அரண்களாகக் காண்கின்றனர். எதிரணியை முறையான போட்டியாளராக ஏற்பது ஒன்று. சட்டம் தரும் அதிகாரத்தை முழுதும் பயன்படுத்தாமல் அடங்கியிருப்பது மற்றொன்று. சட்டம் அனுமதிப்பதெல்லாம் செய்யத்தக்கதன்று என்னும் அவர்களின் கருத்து இந்திய நிகழ்வுக்கு நன்கு பொருந்துகிறது. பணிமூப்பு மரபு 1973இல் மீறப்பட்டதே சான்று.

எனினும் இவ்விளக்கமும் இறைமாட்சி அதிகாரத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அடங்கியிருத்தல் என்பது அதிகாரம் உடையோரின் பண்பு; செவிகைப்பைப் பொறுக்கும் மன்னனின் பண்பை ஒத்தது. அப்பண்பு இல்லாத ஒருவர் பதவிக்கு வரும்போது செய்யவேண்டுவது யாது என்னும் வினாவுக்கு அமைச்சு அதிகாரத்தின் கடமையும், அக்கடமைக்குரிய பதவிப் பாதுகாப்புமே விடையாகும்.

அங்கேரியின் அண்மைக்கால நிகழ்வு இதனை வலியுறுத்துகிறது. 2010இல் ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளுடன் மூன்றில் இருபங்குக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்ற பிடெஸ் அணி புதிய அரசியலமைப்பை இயற்றியது. அது 2012 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டது. நெருக்கடிநிலை அறிவிப்போ கைதோ இன்றி, வயது வரம்பு ஒன்றின் மூலமே மூத்த நீதிபதிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். இது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திற்கு முரணானது என ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்தபோது, நீதிமன்றத் தலைமைப் பதவிகள் பலவற்றில் புதியவர்கள் அமர்ந்திருந்தனர். இந்தியாவில் பணிமூப்பு மீறலாகவும், இலங்கையில் உறுதிமொழியாகவும், அங்கேரியில் ஓய்வு வயதாகவும் வந்தது ஒரே செயலே: மறுத்துரைக்கக்கூடியவரை அவருக்குரிய இடத்திலிருந்து நீக்குதல்.

முடிவுரை

நெருக்கடிநிலையின் பட்டறிவிலிருந்து 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் பிறந்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்பது நீக்கப்பட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' எனக் குறுக்கப்பட்டது. அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் வந்தாலன்றிக் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்ய இயலாதாயிற்று. உயிருக்கும் உரிமைக்குமான 21ஆம் உறுப்பை நெருக்கடிநிலையிலும் முடக்க இயலாது என்பதும் உறுதியாயிற்று. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தவறெனப் புறந்தள்ளியது. கன்னாவின் கருத்து நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் சட்டமாயிற்று. சிறையில் இறந்தோர்க்கு அது பயன்படவில்லை.

அத்திருத்தத்தின் ஒரு கூறு இவ்வாய்வுக்கு மிக நெருக்கமானது. அமைச்சரின் சொல்லை எழுத்தில் கேட்பது, அமைச்சு அதிகாரத்தின் கடமைக்கு அரசியலமைப்பு தந்த வடிவமாகும். ஆயினும் எழுத்தில் கேட்டாலும் அனைவரும் இசைந்தே எழுதினால் அவ்வரண் பயனற்றது. மறுத்து எழுதியவர் மறுநாளும் அவ்விடத்தில் இருப்பார் என்னும் உறுதியும் உடன் வேண்டும்.

கொடுங்கோன்மை என்னும் கருத்தாக்கம் எதேச்சாதிகாரத்தின் விளைவை விளக்குகிறது. அதன் வருகையை விளக்கவில்லை. வருகையை அறிவதற்கு அமைச்சு அதிகாரத்தையும் சேர்ந்தொழுகல் அதிகாரத்தையும் இணைத்துப் படிக்க வேண்டியுள்ளது. முன்னது கூறும் கடமையைப் பின்னது கூறும் அச்சமின்றி ஆற்ற இயலும்வரை ஓர் ஆட்சி மக்களாட்சியாக நீடிக்கும். தேர்தல்கள் தவறாமல் நடக்கும் நாட்டிலும், மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதிக்கும், குறிப்பெழுதிய அதிகாரிக்கும், எதிர்த்துப் பேசிய உறுப்பினருக்கும் அடுத்து என்ன நேர்ந்தது என்று கேட்பதே சரிவைத் தொடக்கத்தில் கண்டறியும் வழி.